ஸ்லைடை வேறு கணினிக்குக் கொண்டு போகும் முன்

களுவாஞ்சிக்குடியில் லிப்ரே ஒஃபிஸ் இம்ப்ரெஸ் மென்பொருளில் செய்த ஸ்லைடுகளை மட்டக்களப்பில் ஒரு மண்டபத்துக் கணினியில் திறந்தேன். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தது. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகத் தெரியாது. ஆகவே முதலில் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ எழுத்துரு போதும். அப்புறம் 'சேவ் ஆஸ்' போய் இம்ப்ரெஸ்ஸின் ஓ.டி.பி. கோப்பைப் பவர்பொயின்டின் பி.பி.டி.எக்ஸ் ஆகச் சேமியுங்கள். பவர்பொயின்ட் உள்ள யாருடைய கணினியிலாவது ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து பாருங்கள். பெட்டியை விட்டு வழியும் வரி, மாறிப்போன அனிமேஷன் எல்லாம் அங்கேதான் பிடிபடும். பென்டிரைவில் பி.டி.எஃப் பிரதியும் இருக்கட்டும். அதில் அசைவு இராது, ஆனால் எழுத்து குலையாது.