மயக்கத்தில் இருக்கும் உடலின் வலி: கணிப்பதில் நேரும் தவறுகள்

வலி என்பது நினைவோடு இருப்பவர் உணர்வது. அறுவை சிகிச்சைக்காகத் தரும் பொது மயக்கத்தில் அந்த உணர்வு இல்லை என்றாலும், கத்தி தோலில் பட்டதும் நரம்புகள் செய்தியை அனுப்பவே செய்கின்றன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கண்மணி விரிகிறது, பிளாஸ்திரி ஒட்டி மூடிய இமையோரத்தில் கண்ணீர் கசிகிறது.

ஆழ்ந்து உறங்குபவரின் உடல் வலிக்கு எதிர்வினை காட்டாது என்று எண்ணுவதே முதல் தவறு. மூளை மின்னலைகளிலிருந்து கணக்கிடப்படும் பிஸ் எண் 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் உறக்கம் போதுமானது என்றுதான் பொருள். மயக்க மருந்தான புரோபோஃபால் உறங்க வைக்கும். வலியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. நோயாளி அசையாமல் கிடப்பதும் சான்றாகாது, தசைத் தளர்வு மருந்து கொடுத்திருந்தால் அவரால் அசையவே முடியாது.

இதைவிட அடிக்கடி நேர்வது, நாடித்துடிப்பு ஏறியதுமே ஃபென்டனில் என்ற வலிமருந்தைக் கையில் எடுப்பது. இரத்த இழப்பு, கரியமில வாயுத் தேக்கம், நிரம்பிய சிறுநீர்ப்பை, தீர்ந்துபோன மயக்க வாயு ஆகியவற்றாலும் துடிப்பு ஏறும். இரத்தம் இழந்துகொண்டிருப்பவருக்கு வலிமருந்தைக் கூட்டினால், அதுவரை தாக்குப்பிடித்த அழுத்தமும் சரிந்துவிடும். மாறாக, இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை உட்கொள்பவரிடம் வலித்தூண்டல் கடுமையாக இருந்தும் நாடி அமைதியாகவே தோன்றலாம்.

வலித்தூண்டலை எண்ணாகக் காட்டும் கருவிகள் இதற்கு உதவுகின்றன. ஆனால் அவற்றின் திசை ஒன்றல்ல. இதயத்துடிப்பின் ஏற்றத்தாழ்விலிருந்து கணக்கிடும் ஏ.என்.ஐ. எண் குறையக் குறையத் தூண்டல் மிகுதி. விரலின் நாடி அலையிலிருந்து கணக்கிடும் எஸ்.பி.ஐ. எண்ணோ ஏற ஏறத்தான் தூண்டல் மிகுதி. ஒன்றில் பழகிய கண் மற்றொன்றைத் தலைகீழாகப் படித்துவிடக்கூடும் என்பதால், கருவியை மாற்றும்போது அதன் பெயரை உரக்கச் சொல்லிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்து, பேஸ்மேக்கர், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவை இவ்வெண்களைக் குலைத்துவிடும்.

நேரத்தைத் தவறவிடுவதும் உண்டு. ஃபென்டனில் முழு வலிமை பெறச் சில நிமிடங்கள் ஆகும். தொண்டைக்குள் குழாய் செலுத்தும் கணத்தில் கொடுத்தால் அது பிந்திவிடும். சொட்டாக ஏற்றும் மற்றொரு வலிமருந்தான ரெமிஃபென்டனிலில் சிக்கல் இறுதியில் வருகிறது: ஏற்றுவதை நிறுத்திய சில நிமிடங்களில் அதன் பலன் போய்விடும். தையல் முடிவதற்குள் நீண்ட நேரம் நிற்கும் வலிமருந்தையோ, நரம்பை மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு ஊசியையோ கொடுத்திருக்காவிட்டால், நோயாளி கண் விழிப்பதே கடும் வலியில்தான்.