ஒரு மூலநிரல், பல புரொசஸர்: கல்லடியிலிருந்து ஒரு செய்முறை

காத்தான்குடியில் அச்சகம் நடத்தும் ஒருவருக்காக நான் எழுதிய சிறிய லைப்ரரியை (மற்றச் செயலிகள் தமக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வைத்தே இதைச் சொல்கிறேன். அவரது கணினியில் பல வருடத்துக் கல்யாண அழைப்பிதழ்களும் பள்ளிவாசல் அறிவித்தல்களும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. "தம்பி, இதையெல்லாம் போனிலேயே யூனிகோடுக்கு மாற்ற வழி இருக்கிறதா?" என்று கேட்டார். "செய்து தருகிறேன் காக்கா" என்றேன்.

பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரல் சி மொழியில் இரண்டே கோப்புகள். அதை எழுத மூன்று நாள் ஆனது. எல்லாப் போன்களிலும் ஓடும் லைப்ரரியாகக் கட்டுவதற்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. அந்த நாட்களை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஸ்டேட்டிக் லைப்ரரி என்பது கம்பைல் செய்த, அதாவது மூலநிரலைப் புரொசஸரின் மொழிக்கு மாற்றிய, ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி. ஒவ்வொரு புரொசஸரும் தன் கட்டளை மொழியை மட்டுமே அறியும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்தே ஆக வேண்டும். ஐபோனில் இப்போது ஆர்ம்64 என்ற 64 பிட் புரொசஸர் வகை மட்டும் போதும். 32 பிட் செயலிகளை (ஆப்களை) 2017இல் வந்த ஐஓஎஸ் 11 கைவிட்டுவிட்டது. மேக்கில் போனைப் போல நடிக்கும் சிமுலேட்டருக்கு இரண்டு வேண்டும்: இன்டெல் மேக்கில் எக்ஸ்86-64, புதிய மேக்கில் ஆர்ம்64.

நான் சிக்கியது இங்கேதான். முன்பு, ஒவ்வொரு புரொசஸருக்கும் தனியாகக் கம்பைல் செய்த கட்டுகள் எல்லாவற்றையும் லிப்போ என்ற கருவியால் ஒரே கோப்பாக ஒட்டுவோம். போனுக்கு ஆர்ம், சிமுலேட்டருக்கு இன்டெல் என்று பிரிந்திருந்தவரை அது ஒழுங்காக வேலை செய்தது. ஆப்பிளின் சொந்தப் புரொசஸர் கொண்ட மேக்குகள் 2020 நவம்பரில் வந்ததும் சிமுலேட்டரும் ஆர்ம்64 ஆகிவிட்டது. ஒரு கோப்புக்குள் ஒரே புரொசஸர் கட்டமைப்பை இரண்டு முறை வைக்க லிப்போ இடம் கொடுக்காது. சிமுலேட்டரில் ஆர்ம்64ஐ விலக்கிவிடும் அமைப்பைப் போட்டுச் சமாளித்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் லைப்ரரியைப் பயன்படுத்திய நண்பரின் கணினியில், சிமுலேட்டருக்காகக் கட்டும்போது ஐஓஎஸ் ஆப்ஜெக்ட் கோப்பு இணைக்கப்படுவதாகப் பிழை வந்து நின்றது. புரொசஸர் ஒன்றாக இருந்தாலும் போனும் சிமுலேட்டரும் வெவ்வேறு தளங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் தன் தளத்தின் எண்ணைச் சுமக்கிறது: ஐஓஎஸ் என்றால் 2, அதன் சிமுலேட்டர் என்றால் 7. ஆகவே புரொசஸரையும் தளத்தையும் சேர்த்தே எண்ணிப் பழகுங்கள்.

அப்படி எண்ணினால் கட்டுகள் மூன்று: போன் ஆர்ம்64, சிமுலேட்டர் ஆர்ம்64, சிமுலேட்டர் எக்ஸ்86-64. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை போடுங்கள். ஒரே கோப்புறையில் கட்டினால் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு புதியதோடு கலந்துவிடும். கம்பைல் செய்யும் கருவியான கிளாங்குக்கு இலக்கைச் சொல்லும்போது கடைசியில் சிமுலேட்டர் என்ற சொல்லை விடாதீர்கள்; அந்த ஒரு சொல்தான் 2ஐயும் 7ஐயும் பிரிக்கிறது. ஆப்பிளின் உருவாக்கக் கோப்புகளான எஸ்டிகே இருக்கும் பாதையை எக்ஸ்கிரன் என்ற கட்டளை சொல்லும். கையால் தட்டினால், ஆப்பிளின் உருவாக்க மென்பொருளான எக்ஸ்கோடின் அடுத்த பதிப்பு வந்ததும் உடையும். எக்ஸ்கோட் திட்டமாகவே கட்டுகிறீர்கள் என்றால், இயங்கும் கட்டமைப்பை மட்டும் கட்டு என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு கோப்புறையிலும் லிப்டூல் கருவியை ஸ்டேட்டிக் தெரிவோடு ஓட்டிப் பொதியாக்குங்கள். பிறகு சிமுலேட்டர் பொதிகள் இரண்டை மட்டும் லிப்போவால் ஒன்றாக்குங்கள். லிப்போவுக்கு இன்றும் நியாயமான வேலை இதுதான். இதைத் தவறவிட்டால் அடுத்த படியில், இரண்டும் ஒரே வரையறை என்று மறுக்கப்படும்.

இப்போது உங்கள் கையில் போனுக்கு ஒரு பொதி, சிமுலேட்டருக்கு ஒரு பொதி. எக்ஸ்கோட்பில்ட் கட்டளைக்கு, பல தளங்களின் பொதிகளை ஒரே உறையில் வைக்கும் எக்ஸ்சிஃபிரேம்வொர்க்கை உருவாக்கும் தெரிவைக் கொடுத்து, ஒவ்வொரு லைப்ரரியின் பின்னாலும் அதன் ஹெடர் கோப்புறையை (செயற்பாடுகளின் அறிவிப்புகள் உள்ள இடம்) சொல்லுங்கள். 2019இல் எக்ஸ்கோட் 11 கொண்டுவந்த வடிவம் இது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியிலிருந்து அழைக்க வேண்டுமானால் ஹெடர்களோடு, அவற்றை அந்த மொழிக்கு அறிமுகப்படுத்தும் ஒரு மொடியூல் மேப் கோப்பையும் வையுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் செயலி பருத்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பருக்காது. இறுதி இணைப்பில் தேவையான துண்டு மட்டுமே உள்ளே போகும்.

அண்ட்ரொய்டில் ஒட்டும் வேலையே கிடையாது. சி நிரலைக் கட்டக் கூகுள் தரும் என்டிகேயோடு வரும் டூல்செயின் கோப்பை, கட்டும் கருவியான சிமேக்குக்குக் காட்டி, ஏபிஐ (இங்கே புரொசஸர் வகை) பெயரை மாற்றி மாற்றி நான்கு முறை கட்டினால் போதும்: இரண்டு ஆர்ம், இரண்டு எக்ஸ்86. ஏபிஐ பெயரிலேயே கோப்புறைகள் வைத்து அவற்றில் போடுங்கள். 2019 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளே 64 பிட் கட்டைக் கேட்கிறது. அதற்காக 32 பிட் ஆர்மைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாகரைப் பக்கம் பழைய போன் வைத்திருப்பவர்களும் என் செயலியைத் திறக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் போன்களுக்கான அமைப்பு ஸ்டேட்டிக் பொதிக்கு உரியதல்ல. அந்தப் பொதியைச் சேர்த்துக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரியை (செயலி ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) இணைக்கும்போது வருவது. என்டிகே 28 முதல் அது தானாகவே அமைகிறது.

செயற்பாடுகளின் பெயருக்கு முன்னொட்டு அவசியம். 'மாற்று' என்ற பொருளில் வெறும் கன்வேர்ட் என்று பெயர் வைத்தால், அதே பெயருள்ள இன்னொரு லைப்ரரியோடு இணைப்பில் மோதும். என்னுடையவை எல்லாம் பாமினி என்றே தொடங்குகின்றன.

கொடுக்கும் முன் சோதனை. லிப்போவின் இன்ஃபோ தெரிவு புரொசஸர்களைச் சொல்லும், தளத்தைச் சொல்லாது. தள எண்ணை ஓடூல் கருவியின் சிறிய எல் (l) தெரிவில் பாருங்கள். பிறகு வெற்றுச் செயலி ஒன்றில் இணைத்து உண்மையாகவே ஓட்டுங்கள். நான் கொடுக்கும் சோதனைச் சொல் 'கொக்கட்டிச்சோலை'. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றும் அந்த ஒரே ஊர்ப் பெயரில் இருக்கின்றன. போனில் ஒரு முறை, புதிய மேக்கின் சிமுலேட்டரில் ஒரு முறை, இதற்காகவே விற்காமல் வைத்திருக்கும் பழைய இன்டெல் மேக் மினியில் ஒரு முறை, அண்ட்ரொய்டின் நான்கு கட்டுகளிலும் ஒவ்வொரு முறை. ஏழு திரைகளிலும் ஊரின் பெயர் சரியாக வந்த பிறகுதான் காத்தான்குடிக்கு அனுப்பினேன்.