குமரி மாவட்டத்தில் கலைப்புல நூலகர் பணி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், மெய்யியல், ஆங்கிலம் ஆகிய துறைகளுக்கென்று ஒரு நூலகரைத் தனியாக நியமிப்பது நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அரிது. பெரும்பாலும் பொது நூலகப் பணியில் இருக்கும் ஒருவரிடமே அந்தப் பொறுப்பும் கூடுதலாக வந்து சேர்கிறது. அப்படிப் பொறுப்பேற்பவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தால், அவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய நாள் 1956 நவம்பர் 1 ஆகும். அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வட்டங்கள் இந்தப் பக்கம் வந்தன. அவற்றைப் பற்றிய பழைய அரசுக் கோப்புகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், விளவங்கோட்டு நிலவரியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவரை, தமிழ்நாட்டு மாவட்டம்தானே என்ற ஒரே எண்ணத்தில், எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போகச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தவர், "அங்க ஒண்ணும் இல்ல சாரே, திருவனந்தபுரத்துல போய்ப் பாக்கச் சொல்லிட்டாவ" என்றார். பக்கத்திலிருந்த ஊரை விட்டுவிட்டு ஓர் இரவு ரயில் பயணத்துக்கு அவரை அலையவிட்டது என் அறியாமை. அதன்பின், எந்தக் கேள்வி வந்தாலும் அது எந்த ஆண்டைப் பற்றியது என்று கேட்காமல் நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

கேள்வியை வாங்கும் முறைதான் இந்தப் பணியின் உயிர்நாடி என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு மாணவி வந்து, "தோள்சீலைப் போராட்டம் பற்றிப் புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. இருக்கிறது என்று சொல்லி அலமாரியைக் காட்டிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். ஆனால் அவருக்குத் தேவையானது கிடைத்திருக்காது. வகுப்புக் கட்டுரைக்கா, முனைவர் பட்ட ஆய்வுக்கா, எந்தக் கட்டத்தைப் பற்றி, எந்தெந்த மொழிகளை வாசிக்க முடியும் என்ற நான்கு செய்திகளை முதலில் கேட்டு வாங்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மாணவர்களில் மலையாள எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்து, அந்த நிகழ்ச்சி எந்தெந்தப் பெயர்களில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தாளில் அவர் முன்னாலேயே எழுதிக் காட்ட வேண்டும். தமிழில் தோள்சீலைக் கலகம், தோள்சீலைப் போராட்டம், மேலாடைப் போராட்டம் என்று வரும். மலையாளத்தில் சான்னார் லஹள, மாறுமறய்க்கல் சமரம் என்று வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் 'அப்பர் கிளாத்' என்ற சொல்லையும், இன்று நாம் எழுதத் தயங்கும் சாதிப் பெயர்களைப் பல எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டியிருக்கும். 'போராட்டம்' என்ற சொல்லை மட்டும் தட்டிப் பார்ப்பவருக்குப் பிற்காலத்து நூல்களே அகப்படும். 'கலகம்' என்று தட்டினால்தான் அதை அடக்க நினைத்தவர்களின் குரல் கேட்கும். ஆய்வாளருக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக, யார் யார் இதைப் பற்றி எழுத வேண்டிய நிலையில் இருந்தார்கள் என்று யோசிக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசு எழுதியது திருவனந்தபுரத்தில், கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தார் நாகர்கோவிலிலிருந்தும் நெய்யூரிலிருந்தும் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில், கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான சோவாஸ் கல்லூரியின் சேகரிப்பில் இருக்கின்றன. அன்றைய சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இந்த விவகாரத்தில் தலையிட்டதால், சென்னை அரசின் கடிதப் போக்குவரத்து எழும்பூரில் தேடப்பட வேண்டியதாகிறது. ஆக, எழும்பூருக்கு அனுப்புவது எப்போதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. எந்தக் காகிதத்துக்காக அனுப்புகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஆண்டுக் கணக்கு குறுக்கிடும். திருவிதாங்கூர் ஆவணங்கள் கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டவை. இந்தப் பகுதி வழக்கப்படி கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாள் பிறக்கிறது. ஆகவே ஆவணியிலிருந்து மார்கழியின் நடுப்பகுதி வரை வரும் தேதிக்கு 824-ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரை வரும் தேதிக்கு 825-ஐயும் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். மேலாடை அணியும் உரிமையை அளித்த அரச அறிக்கை கொல்லம் 1034 ஆடி மாதத்தது. 824-ஐக் கூட்டும் மாணவி 1858 என்று எழுதுவார். அறிக்கை வெளிவந்ததோ 1859 ஜூலை 26. அந்த ஓராண்டுப் பிழையோடு காப்பகத்தில் கோப்பு கேட்டால், ஒரு நாள் முழுக்கத் தவறான கட்டையே புரட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும். பழைய பத்திரங்களில் இதே ஆண்டு ௲௩௰௪ என்று தமிழ் எண்களில் இருக்கும். ௱ நூறு, ௲ ஆயிரம், ௰ பத்து என்று ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் நம்முடைய வேலை பாதி குறையும். மலபார் ஆவணங்களில் ஆண்டு கன்னி மாதம், அதாவது நம் புரட்டாசி முதல் நாளில் பிறப்பதையும் அதே அட்டையில் குறித்துக்கொள்ளலாம்.

நூற்பட்டியலிடும் வேலையிலும் இந்த எல்லைக்கோடு விடாமல் தொடர்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பதின்ம வகைப்பாட்டில் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, கேரள வரலாற்றுக்கு 954.83. நாகம் ஐயா 1906-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர் மானுவலும் (நாட்டு விவரக் கையேடு), வேலுப்பிள்ளை 1940-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட மானுவலும் 954.83-க்குப் போய்விடும், மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றைச் சொல்லும் நூல் 954.82-இல் நிற்கும். ஒரே ஊரின் கதை இரண்டு அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. வில்லுப்பாட்டின் நிலை இதைவிட மோசம். கதைப்பாடல் என்று கருதினால் 398.2, நாட்டார் இசை என்று கருதினால் 781.62, இலக்கியம் என்று கருதினால் 894.811 என்று ஒரே பொருளுக்கு மூன்று இடங்கள் வாய்க்கும்.

எண்ணை மாற்றி எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதற்கு உடன்படுவதில்லை. பிற நூலகங்களிலிருந்து வரும் பதிவுகளோடு பொருந்தாமல் போவதோடு, அடுத்து வரும் நூலகருக்கும் அது பெரும் தலைவலியாகும். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, கோஹா என்ற நூலக மென்பொருளில், மார்க் எனப்படும் நூற்பதிவு வடிவத்தில் இடப்பெயர்களுக்கென உள்ள 651-ஆம் புலத்தில் 'கன்னியாகுமரி மாவட்டம்', 'தென் திருவிதாங்கூர்', 'நாஞ்சில் நாடு' ஆகிய இடப்பெயர்களைத் தவறாமல் சேர்ப்பதே போதுமானது. அலமாரியில் பிரிந்திருப்பவை திரையில் ஒன்றுசேர்ந்துவிடும்.

பெயர்களுக்கும் அதே கவனம் வேண்டும். 'கவிமணி', 'தேசிக விநாயகம் பிள்ளை', 'தேசிகவிநாயகம் பிள்ளை, சி.' என்று ஒரே தேரூர்க்காரர் மூன்று ஆசிரியர்களாகப் பட்டியலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 'தேசிக' என்பதற்கும் 'விநாயகம்' என்பதற்கும் இடையே விழுந்த ஒற்றை இடைவெளியால் அவருடைய பாதி நூல்கள் தேடுபவர் கண்ணுக்கு மறைந்திருந்தன. ஒரு வடிவத்தைத் தலைப்பாகத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டி இடுவதே முறை. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சான பதிவுகள் இருந்தால் அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகு, ஒகர, ஓகாரங்களும் கொம்புகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

நூல் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துறைத் தலைவர்களின் பட்டியல் வரும், நிதி ஆண்டு முடிவதற்குள் வாங்கிவிடலாம். விலைப்பட்டியலில் வராதவைதான் கடினம். கோயில் குடமுழுக்கு மலர், தேவாலய நூற்றாண்டு மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், கொடைவிழா நோட்டீசு ஆகியவற்றில்தான் ஒரு சிற்றூரின் குடும்பங்களும் பழைய புகைப்படங்களும் ஊர்க்கதையும் அச்சேறியிருக்கும். இவற்றுக்குப் பில் கிடைக்காது. ஆகவே அன்பளிப்பாகப் பெற்று, நன்றிக் கடிதம் கொடுத்து, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா நடக்கும் நவம்பர் இறுதியிலும் சுசீந்திரம் தேரோட்டம் வரும் மார்கழியிலும் பையோடு ஒரு சுற்று போய்வந்தால், பதிப்பகங்களிடம் கிடைக்காதவை கைக்கு வரும்.

ஓலைச்சுவடிகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு எவ்வளவு உதவின என்பது துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். அவையும் ஒரு வீட்டில் இருந்த சுவடிகள்தாம். ஒருமுறை ஒரு பாட்டி பரணிலிருந்து ஒரு சுவடிக் கட்டை எடுத்துத் தந்து, "மக்களே, இது பழைய வயக்கணக்கு, இத வச்சு நீ என்ன செய்யப்போற?" என்று கேட்டார். கட்டை அவிழ்க்கும் முன்பு அது இருந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். ஏடுகள் வரிசை மாறிக் கிடந்தாலும், இருக்கும் வரிசையை எண்ணிட்டுக் குறித்த பிறகே சரிசெய்ய வேண்டும். ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் அளவுகோலோடு படம் எடுக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டலாம். தண்ணீர் கூடவே கூடாது. எழுத்து மங்கியிருந்தால், உரிய பயிற்சி பெற்றவரைக் கொண்டு விளக்குக் கரியும் புல்தைலமும் பூசலாம். உடைமை அந்தக் குடும்பத்தினுடையது என்பதை எழுத்தில் தந்துவிட்டு, படியை மட்டும் நூலகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் அடுத்த வீட்டுக்காரரும் பரணைத் திறப்பார்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெய்யும் மாவட்டம் இது. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், கீழ்த்தட்டைக் காலியாக விடுவதும், மழை விட்ட வெயில் நாளில் இராமபாணப் பூச்சியையும் கரையானையும் தேடி ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்ப்பதும் ஆண்டு முழுவதற்குமான வேலைகள்.

ஆய்வேடுகளை முடிக்கும் மாணவர்களிடம் இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறும், ஆகையால் பிறர் எடுத்த புகைப்படங்களுக்கும் பாடகர்களின் ஒலிப்பதிவுகளுக்கும் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதம் வரை ஏற்கப்படும் என்றாலும், தமிழ் உரையைப் பொறுத்தவரை மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி உறங்கிவிடக் கூடாது. அச்சில் மட்டுமே உள்ள பழைய தமிழ் நூலிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து எழுதினாலும் கருவி கண்டுகொள்ளாது, தேர்வாளர் கண்டுகொள்வார். நூலை முழுமையாகப் படியெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, ஆசிரியர் இறந்த ஆண்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பதிப்புரிமை பொதுவாக அதன் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1954-இல் மறைந்தவரின் எழுத்துக்கு அது 2014 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

மேசை இழுப்பறையில் ஒரு கோடிட்ட நோட்டு எப்போதும் இருக்கட்டும். கேட்டவர், கேள்வி, நாள், தேடிய இடம், கிடைத்தது ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி, கிடைக்காதவற்றின் எதிரே பென்சிலால் ஒரு சுழி போட வேண்டும். திருவனந்தபுரத்துக்கு யாராவது புறப்படும்போது அந்தச் சுழிகளை எல்லாம் ஒரு தாளில் பெயர்த்து அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வருபவர் ஒன்றிரண்டு கோப்பு எண்களையாவது கொண்டுவருவார். கேட்ட மாணவர் படிப்பை முடித்துப் போயிருந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, பிறகு சுழியை அழியுங்கள்.