அப்பா அம்மா சண்டையில் பிள்ளையை எப்படிக் காப்பது?
குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கணவருக்கோ மனைவிக்கோ வேறு உறவு இருப்பது தெரிந்து வருபவர்களிடம் முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்பேன். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டதா? பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறதா? சின்னப் பிள்ளைகள் பலரும் எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: "சண்டை எங்களுக்குள்ளதான். நீ காரணமில்ல கண்ணு. ரெண்டு பேரும் உன்னைப் பாத்துக்குவோம்."

யாரோடு, என்ன நடந்தது என்பதெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம். "அப்பா போன்ல யாருன்னு பாத்துச் சொல்லு" என்று உளவு பார்க்கவே விடாதீர்கள். அதை என்னால் பொறுக்க முடிவதில்லை. சாப்பாடு, டியூஷன், தூக்கம் எதுவும் நேரம் மாறக்கூடாது.

அப்புறம், திருமணத்தை மீறிய உறவு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு குற்றமில்லை. ஆனால் விவாகரத்துக்குக் காரணமாகலாம். அடி உதை என்றால் வேறு விஷயம்: பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.