பிலிப்பைன்ஸ் இலக்கியத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பிலிப்பைன்ஸ் இலக்கியம் படிக்கலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் ஸ்பெயின் காலம், அமெரிக்கக் காலம், ஜப்பான் காலம், சர்வாதிகாரி மார்க்கோஸின் காலம் என்று ஒரு பட்டியலைப் படித்துவிட்டு, ஒரு நாவலைக்கூடத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கூடவே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: அந்த வருடத்தில் எதை வெளிப்படையாக எழுதினால் ஜெயில்? எழுதியவர் எந்த மொழியில், யாருக்காக எழுதினார்? ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் மாறியிருக்கிறது.

கால வரிசையில் போகாதீர்கள். முதலில், ஸ்பெயின் ஆட்சியை விமர்சித்த எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 'நோலி மே டாங்கரே'. 1887-ல் பெர்லினில், நண்பர் மாக்சிமோ வியோலா கொடுத்த கடனில் 2,000 பிரதிகள் அச்சடித்தார். ஸ்பானியப் பாதிரியார்களின் அதிகாரத்தைக் கிண்டலும் கோபமுமாகத் தோலுரிக்கிற நாவல் அது. மணிலாவில் அச்சிட வழியே இல்லை. எழுதியது ஸ்பானிஷ் மொழியில், அதாவது படித்த வர்க்கத்துக்கும் ஆட்சியாளர்களுக்கும் புரிகிற மொழியில். அடுத்த நாவல் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' 1891-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வந்தது. 1872-ல் ஸ்பானிய அரசு கழுத்தை நெரித்துக் கொன்ற மூன்று பாதிரியார்களுக்குச் சமர்ப்பணம். 1896 டிசம்பர் 30-ல் ஸ்பானிய ஆட்சியாளர்கள் ரிசாலையே சுட்டுக் கொன்றார்கள். நூறாண்டுக்கு முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் நடை பழசு. காசு செலவழிக்க முடிந்தால் பெங்குவின் பதிப்பை வாங்குங்கள்.

அதை முடித்ததும் பின்னோக்கிப் போங்கள். 1838-ல் பிரான்சிஸ்கோ பலக்தாஸ் உள்ளூர் மொழியான டகாலோக்கில் எழுதிய 'புளோராந்தே அட் லாவ்ரா' என்ற நெடுங்கவிதையில் கதை நடப்பது அல்பேனியாவில். பிலிப்பைன்ஸில் உட்கார்ந்துகொண்டு எதற்கு அல்பேனியா? முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். துரோகிகள் கையில் சிக்கிய அந்த நாட்டைப் பற்றிய புலம்பலைப் பின்னால் வந்த தேசியவாதிகள் தங்கள் நாட்டைப் பற்றியதாகவே படித்தார்கள். இன்னும் பின்னால் போனால் இஃபுகாவோ மக்களின் 'ஹுதுத்', மரனாவோ மக்களின் 'தாராங்கென்' போன்ற வாய்மொழிப் பாடல்கள் வரும். அவை பாடுவதற்கானவை, அச்சில் முழுசாகப் படித்துத் தீர்க்கணும் என்று பிடிவாதம் வேண்டாம், பாடிய பதிவு ஏதாவது கிடைத்தால் கேளுங்கள்.

சரி, அமெரிக்கக் காலம். 1898-ல் ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு இந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. 1901-ல் ராஜத்துரோகச் சட்டம் வந்தது, விடுதலை பற்றிப் பேசினாலே குற்றம். எழுத்தாளர்கள் நாடகத்துக்குப் போனார்கள். அவுரெலியோ தொலெந்தினோ 1903-ல் போட்ட 'நேற்று, இன்று, நாளை' என்ற நாடகத்தில் தாய்நாடே ஒரு பாத்திரம். அவரைக் கைது செய்தார்கள். அந்தக் கால நாடகங்கள் சிலவற்றில் நடிகர்களின் உடைகள் ஒன்றுசேரும்போது மேடையில் பிலிப்பைன்ஸ் கொடி தெரியும். இவற்றை வசனத்துக்காகப் படித்தால் அலுப்புத் தட்டும், மேடையை மனதில் ஓட்டிக்கொண்டே படியுங்கள். அதே 1901-ல்தான் ஆங்கிலத்தில் பாடம் நடத்த அமெரிக்க ஆசிரியர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். கால் நூற்றாண்டுக்குள் பாஸ் மார்க்கேஸ் பெனித்தேஸ் ஆங்கிலத்தில் 'டெட் ஸ்டார்ஸ்' என்ற சிறுகதையை எழுதிவிட்டார், 1925-ல். சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலத்தை, 1942 முதல் 1945 வரை, பலரும் வெற்றிடம் என்று தாண்டிவிடுவார்கள். அது சரியில்லை. ஆங்கிலத்துக்கு இடம் சுருங்கியதால் டகாலோக் சிறுகதைக்கு யோகம் அடித்தது. 'லிவாய்வாய்' பத்திரிகை ஜப்பானியக் கண்காணிப்பில் வந்தது, 1943-ன் சிறந்த 25 கதைகள் என்று ஒரு தொகுப்பும் வந்தது. அதிலிருந்து லிவாய்வாய் அர்சேயோவின் கதையைத் தேடிப் படியுங்கள். (ஆமாம், எழுத்தாளர் பெயரும் பத்திரிகைப் பெயரும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.)

1946-ல் சுதந்திரம் வந்ததும் எல்லாம் திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தொழிற்சங்கத் தலைவரும் கவிஞருமான அமாதோ எர்னாந்தெஸை 1951-ல் பிடித்து உள்ளே போட்டார்கள், அவருடைய சிறந்த கவிதைகள் சிறையில் எழுதியவை. 1956-ல் ரிசாலின் நாவல்களைப் பாடமாக்கச் சட்டம் கொண்டுவந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. எழுதி 70 வருடம் ஆகியும் அந்த நாவல் சுட்டிருக்கிறது!

மார்க்கோஸ் காலத்தில் நிதானமாக நில்லுங்கள், எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம், பத்திரிகைகளுக்குப் பூட்டு. மறு வருடம் அரசுக்கு அனுசரணையான ஒரு பத்திரிகையில் கிரேக்கப் புராணத்தை வைத்து ஓர் ஆங்கிலக் கவிதை புனைபெயரில் வந்தது. வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழே கூட்டினால் மார்க்கோஸ், ஹிட்லர், சர்வாதிகாரி, அடிவருடி நாய் என்று வரும். எழுதியவர் ஹோசே லகாபா. பிறகு அவர் கைதாகிச் சித்திரவதைப்பட்டார். 1976-ல் எழுத்தாளர் நிக் ஹோவாக்கினுக்குத் தேசியக் கலைஞர் பட்டம் கொடுக்க அரசு முன்வந்தபோது, லகாபாவை விடுவித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார், விடுவித்தார்கள். இந்தக் காலத்துக்கு ஒரே ஒரு நாவல் என்றால் லுவால்ஹாதி பவுதிஸ்தாவின் 'டெகாடா 70'. ஐந்து மகன்களைப் பெற்ற ஒரு நடுத்தர வர்க்கத் தாய், அரசியல் தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்ப்பதுதான் கதை. புத்தகம் கையில் அகப்படாவிட்டால் 2002-ல் வந்த திரைப்படத்தைப் பார்க்கலாம்.

1986 பிப்ரவரியில் மக்கள் மணிலாவின் எட்சா சாலையில் திரண்டு மார்க்கோஸை விரட்டிய பிறகு வந்ததில், வெளிநாட்டில் வாழ்ந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர்களின் நாவல்கள் சுலபமாகக் கிடைக்கும்: ஜெசிகா ஹாகெடோர்னின் 'டாக்ஈட்டர்ஸ்', மிகேல் சிஹூகோவின் 'இலுஸ்த்ராதோ', ஜீனா அப்போஸ்தோலின் 'இன்சுரெக்தோ'. மூன்றுமே முன்னும் பின்னும் தாவுகிற கதைகள். அப்போஸ்தோலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் - அமெரிக்கப் போர் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் அதில் பிடி கிடைக்கும்.