நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறதா? இன்ஜினைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில்தான் என் ஹோண்டா யூனிகார்ன் பைக் தன் குணத்தைக் காட்டும். நான் மெடிக்கல் ரெப். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை கிளினிக், மருந்துக்கடை, மறுபடி கிளினிக் என்று வண்டியில்தான் பிழைப்பு. போன வருஷம் ஐப்பசி மழை முடிந்த சமயத்தில் நியூட்ரல் விழுவது நின்றுபோனது. மேலே தட்டினால் இரண்டாவது கியர், கீழே தட்டினால் முதல் கியர். நடுவில் நியூட்ரல் விழுந்ததைக் காட்டும் மீட்டரின் பச்சை விளக்கு மட்டும் எரியாது. சிக்னல் முடியும்வரை கிளட்ச்சைப் பிடித்தபடி நின்று இடது மணிக்கட்டு மரத்துப்போகும்.

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் பிளேட் போச்சு சார்" என்றார்கள். மாற்றினேன். மறுநாள் அதே சிக்னல், அதே கதை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நானே ஸ்பானரோடு உட்கார்ந்தேன்.

முதலில், ஏன் விழ மாட்டேன் என்கிறது? நியூட்ரல் என்பது முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருக்கும் அரைத் தட்டு. உள்ளே நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னத் தகடு உண்டு. அதன் பள்ளத்தில் ஸ்பிரிங் பூட்டிய ஓர் உருளை வந்து உட்காரும். நியூட்ரலுக்கான பள்ளம் ஆழம் குறைவு, லேசாகத் தட்டினால்தான் அதில் நிற்கும். ஆனால் கிளட்ச் முழுசாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், கியர்களைக் கோர்த்திருக்கும் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கும். லேசாகத் தட்டினால் கழலாது. ஓங்கித் தட்டினால் கழன்று, நியூட்ரலைத் தாண்டி அடுத்த கியரில் போய் விழும். அதனால் பெரும்பாலும் குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச்சும் அதை இழுக்கும் ஒயரும்தான். (ஸ்பிளெண்டர் மாதிரி எல்லா கியரையும் முன்னால் மிதித்துப் போடும் வண்டியில் நியூட்ரல் ஓரத்தில் இருப்பதால் தாண்டிப் போகாது. ஆனால் சிக்கிக்கொண்டால் காரணம் இதேதான்.)

இதை உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இன்ஜின் ஆஃப். பின் சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையால் கியர் லிவரை முதலிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். பட்டென்று விழுந்தால் கியர்பாக்ஸ் நல்லபடியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போதும் விழவில்லை என்றால் கியர் லிவரைப் பாருங்கள். எப்போதாவது விழுந்த வண்டியா? லிவர் உள்பக்கம் வளைந்து இன்ஜின் மூடியில் இடிக்கலாம். ஷாஃப்டில் பிடிக்கும் போல்ட் தளர்ந்து லிவர் ஆடலாம். இரண்டும் இல்லை என்றால் கோளாறு உள்ளே, அது மெக்கானிக் வேலை.

அடுத்தது இன்ஜினை ஓடவிட்டு. அது சூடான பிறகு, சென்டர் ஸ்டாண்டிலேயே கிளட்ச்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் சோம்பலாகச் சுற்றும், அது இயல்பு, ஆயிலின் பசைதான் சுற்றுகிறது. பின் பிரேக்கை லேசாக மிதித்தால் பேசாமல் நின்றுவிட வேண்டும். நிற்காமல் முண்டினால், அல்லது இன்ஜின் திணறி அணையப் பார்த்தால், கிளட்ச் இழுக்கிறது. சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்திப் பார்க்க வேண்டாம், விரல் போய்விடும்.

என் வண்டி முண்டியது.

இனி ஒயர். கிளட்ச் லிவரின் நுனி எவ்வளவு தூரம் வெறுமனே ஆடுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். என் வண்டிக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கூடவே தந்த புத்தகத்தில் இருக்கும். ஆட்டம் கூடினால் லிவரை முழுக்க இழுத்தாலும் பிளேட்டுகள் பிரியாது. சின்ன வித்தியாசத்தைக் கைப்பிடி அருகில் உள்ள அட்ஜஸ்டரிலேயே சரிசெய்யலாம். அது வெளியே நீண்டு நின்றுவிட்டால் அதை முழுக்க உள்ளே திருப்பிவிட்டு, இன்ஜின் பக்கம் ஒயர் முடியும் இடத்தில் லாக் நட்டைத் தளர்த்தி அங்கே சரிசெய்ய வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி திருப்பிப் பாருங்கள், ஆட்டம் மாறக் கூடாது. ஆட்டமே இல்லாமல் டைட் செய்தும் விடாதீர்கள். நியூட்ரல் விழும், ஆனால் கிளட்ச் வழுக்கி நிஜமாகவே பிளேட் போய்விடும்.

எனக்கு ஒரு விசித்திரம் இருந்தது. காலையில் சரிசெய்தால் மத்தியானம் பெருந்துறை போவதற்குள் மறுபடி லூஸ். லிவரைக் கழற்றி, ஒயர் முனையில் உள்ள ஈயக்குண்டு உட்காரும் குழியில் டார்ச் அடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏழெட்டு நரம்பு அறுந்து, துடைப்பக்குச்சி மாதிரி விரிந்து நின்றன. மிச்சமிருந்த நரம்புகள் பாரம் தாங்காமல் நீண்டுகொண்டே இருந்தன. மழைத்தண்ணீர் இறங்கி ஒயர் உறைக்குள்ளே துருவும் பிடித்திருந்தது. இந்த நிலையில் ஆயில் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கம்பெனி ஒயரே வாங்குங்கள், பிளேட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. நரம்பு அறுபடாமல் வெறும் இறுக்கம்தான் என்றால், ஒயரின் மேல் முனையில் பாலிதீன் தாளைக் கூம்பாகச் சுற்றி டேப் ஒட்டி, அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றித் தொங்கவிடுங்கள். கீழ்முனையில் சொட்டும்வரை பொறுமை வேண்டும்.

புது ஒயரில் முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசி ஆயிலில் இருந்தது.

பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தாலோ, அளவு கூடினாலோ பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு இழுக்கும். யூனிகார்னுக்கு 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). பல்சருக்குச் சொல்லப்படும் 20டபிள்யூ-50 இதற்கு ஆகாது. டப்பாவில், ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் ஆயில் மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், அது வேறு தலைவலி.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல், சும்மா உட்காரவைத்து எடுங்கள். ஹோண்டாவில் இதுதான் முறை. என் வண்டியில் மேல்கோட்டுக்கு அரை விரற்கடை மேலே நின்றது. பிளேட் மாற்றியவர்கள் அளக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். வடித்துவிட்டுச் சரியாக ஒரு லிட்டர் ஊற்றினேன்.

ஐட்லிங்கையும், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தையும் கவனியுங்கள். 1400 ஆர்பிஎம்மை ஒட்டி இருக்க வேண்டியது ஏறிக்கிடந்தால், கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் கியர் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை, காதுதான் கணக்கு. கார்புரேட்டர் வண்டியில் ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின், புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி என்றால் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்து இன்னும் இழுத்தால்தான் கிளட்ச்சைத் திறக்க வேண்டும். அப்போது கூடவே நில்லுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நெளிந்திருந்தால் ஆடிக் காட்டும். பிளேட்டின் காதுகள் உட்காரும் ஹவுசிங் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். தட்டுத்தட்டாகக் குழி விழுந்திருந்தால் பிளேட் நகராது, புது பிளேட் போட்டும் பிரயோஜனமில்லை. புது பிளேட்டைப் போடும் முன் ஆயிலில் ஊறவைத்தார்களா என்பதையும் பாருங்கள்.

அதுவரை சமாளிக்க ஒரு வழி உண்டு. வண்டி நின்ற பிறகு முதல் கியரிலிருந்து மேலே தேடாதீர்கள். சிக்னல் நெருங்கும்போது, சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கையில், இரண்டாவதிலிருந்து கால் நுனியால் மெல்லக் கீழே தொடுங்கள், விழுந்துவிடும். நின்றே போய்விட்டீர்கள் என்றால் வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் அசைத்துக்கொண்டே தட்டுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் மச்சானும் இதே புகாரோடு வந்தார். நான் ஒயர், ஆயில் எல்லாம் பார்த்து அரை நாள் போக்கிய பிறகு, அவர் தற்செயலாகக் கிளட்ச்சை விட்டார். வண்டி பாயவில்லை, அணையவில்லை, சும்மா நின்றது. நியூட்ரல் ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பச்சை பல்பு ஃபியூஸ்.