பத்தொன்பது வருடம் கழித்து மீண்டும் பைக்: மலைச்சாலையில் முதலிலிருந்து பழகுவது எப்படி

2003-இல் அப்பாவின் புல்லட்டை விற்றோம். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் கோத்தகிரியை அடுத்த அரவேனு பக்கம் இறங்கிப் போனார். அந்தச் சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். பிறகு திருப்பூரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஒரு பழைய கார். 2022-இல் கோத்தகிரிக்கே திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு புது 350 சிசி வண்டி வாங்கினேன்.

நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். பைக்கும் மறக்கவில்லை. எனக்கு ஆபத்து வந்ததே அது மறக்காததால்தான்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தி, இன்ஜின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து விட்டு, ஒரே உதை. பதினோரு வருடம் அப்படி ஓட்டிய கால் என்னுடையது. புது வண்டியில் எல்லா வண்டியையும் போல கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம். நிதானமாகப் போகும்போது எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டாவது வாரம் கோடநாடு சாலையில் ஒரு வளைவில் திரும்பினேன். தேயிலைத் தோட்டத்து மேட்டிலிருந்து ஒரு காட்டுமாடு ரோட்டில் இறங்கியது. யோசிக்க நேரமில்லை. இடது கால் முழு பலத்தோடு மிதித்தது. மிதிபட்டது பிரேக் இல்லை, கியர். மூன்றாவதில் இருந்த வண்டி இரண்டாவதுக்கு விழுந்து, பின்சக்கரம் கீச்சென்று இழுபட்டது. வண்டி ஒருக்களித்து ஓரத்துச் சேற்றில் சாய்ந்தது. முழங்கால் தோல் உரிந்தது, ஒரு கண்ணாடி உடைந்தது. காட்டுமாடு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

ஏபிஎஸ் இருந்ததே என்று நினைத்தேன். பிரேக் பிடித்து சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் ஏபிஎஸ் தடுக்கும். இன்ஜின் இழுத்துப் பிடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி மாற்றிய மெக்கானிக் தம்பி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "உங்க காலுக்கு இது இன்னும் அந்தப் பழைய வண்டிதாங்கண்ணா. காலுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அதன்பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினேன். நாற்பது, ஐம்பது வயதில் திரும்பவும் பைக்கைத் தொடுகிறவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் புல்லட் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. ஸ்ப்ளெண்டரில் கியரை எல்லாம் முன்னால் மிதித்துப் போட்டவர், ஒன்று கீழே மற்றவை மேலே என்றிருக்கும் வண்டிக்கு மாறினாலும் இதே சிக்கல்தான்.

முதல் படி: காகிதங்கள்

லைசென்ஸ் எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் வெறும் புதுப்பிப்பு கிடையாது, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ தேவை. வீட்டில் நிற்கும் பழைய வண்டியையே எடுக்கிறீர்கள் என்றால், பதிவு செய்து 15 வருடம் ஆகிவிட்டதா என்று ஆர்சி புத்தகத்தில் பாருங்கள். ஆகியிருந்தால் எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் சொல்லாமலே தெரியும். சமவெளியிலிருந்து இங்கே ஓட்ட வருகிறவர்கள் கவனிக்க: 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: வண்டியும் தலையும்

நின்றே கிடந்த வண்டியில் நம்பக் கூடாத முதல் பொருள் டயர். பட்டை தேயாமல் புதிதுபோல் இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். ஐந்தாறு வருடம் கடந்த டயரை வைத்துக்கொண்டு ஈரமான மலைச்சாலையில் இறங்காதீர்கள். செலவுதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டிய செலவு.

பிறகு பெட்ரோல். பழசானதை முழுக்க வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜின் ஆயில், கேபிள்கள், செயின், பேட்டரி எல்லாவற்றையும் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

அலமாரி மேலிருக்கும் பழைய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் நுரை வருடம் போகப் போக இறுகிவிடும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ள புதியதை வாங்குங்கள். தலையில் மாட்டி வார் போட்ட பிறகு அதை இப்படி அப்படித் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே திரும்ப வேண்டும். ஜெர்கின், கணுக்காலை மூடும் ஷூ, விரலை முழுக்க மூடும் கையுறை மூன்றும் அவசியம். இங்கே காலை ஏழு மணிக்குக் கையுறை இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் போனால், கிளட்சை எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று விரலுக்கே தெரியாது.

மூன்றாவது படி: காலுக்குச் சொல்லிக் கொடுப்பது

நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் வேண்டாம். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் நிறுத்தி, திடீர் திடீரென்று "நிறுத்து" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும்: ஆக்ஸிலரேட்டர் மூடுகிறது, வலக்கை விரல்கள் முன் பிரேக்கை நெருக்குகின்றன, வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது, இடக்கை கிளட்சைப் பிடிக்கிறது. இடது கால் அசையவே கூடாது. என் மகள் டீ குடித்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் "நிறுத்துப்பா" என்பாள். முதல் நாள் இருபது முறையில் ஏழு முறை இடது கால்தான் முதலில் போனது. பத்து நாளில் அது நின்றது. தெருவில் இறங்கும் முன் நீங்களும் எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து ஐம்பது முறை தப்பில்லாமல் வரட்டும்.

நான்காவது படி: மைதானம்

நீலகிரியில் சமதளமாக இடம் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடத்து மைதானம், ஊர் மைதானம், ஞாயிறன்று காலியாகக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை முற்றம், இவற்றில் ஒன்றைக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

முதலில் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் கியரில், ஆக்ஸிலரேட்டர் தொடாமல், கிளட்சை நூல் நூலாக விடுங்கள். வண்டி லேசாக முன்னால் மூக்கை நீட்டும் இடம்தான் அது. அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் மைதானத்தைச் சுற்றுங்கள். கால் தரையில் படக் கூடாது. இருநூறு கிலோவை ஒட்டிய வண்டி நடை வேகத்தில் உங்கள் பேச்சைக் கேட்டால், கொண்டை ஊசி வளைவில் பாதிப் பயம் போய்விடும். பிறகு எட்டு போடுங்கள். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். போக வேண்டிய இடத்துக்குக் கழுத்தைத் திருப்புங்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

அடுத்தது பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறியும்" என்று சொல்லித்தான் எங்களையெல்லாம் பழக்கினார்கள். அதை இப்போது விட்டாக வேண்டும். பிரேக் பிடித்தவுடன் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குப் போகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை அதுதான் செய்கிறது. இறக்கத்தில் இன்னும் அதிகம். வெடுக்கென்று பிடிப்பதுதான் தப்பு. எலுமிச்சம்பழம் பிழிவது போல, தொட்டு, பிறகு இறுக்க வேண்டும். ஒரு செங்கல்லை வைத்து, அதைத் தாண்டும்போது பிரேக் பிடியுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் எங்கே நிற்கிறது என்று ஒரு கல் வையுங்கள். 40-இல் இன்னொரு கல். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு ஆகும் என்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். இது போக, 40-இல் ஒரு நொடிக்குப் பதினொரு மீட்டர் போகிறோம். நம் வயதுக்கு மூளை சொல்லிக் கை கேட்பதில் போகும் அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அழுத்திப் பிடித்தால் லீவரோ பெடலோ துடிக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது.

ஐந்தாவது படி: மேட்டில் நின்று கிளம்புவது

மேட்டில் நிற்கும்போது வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம், பிறகே பிரேக்கை விட வேண்டும். இருபது முறை செய்தால் கைவந்துவிடும். சரிவில் நிறுத்திவிட்டுப் போகும்போது முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் விட்டுப் போங்கள். நியூட்ரலில் விட்டால் வண்டி உருண்டுவிடும்.

ஆறாவது படி: இறக்கம்

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் வித்தை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். நானும் அப்படி இறங்கியிருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டியைப் பிடித்து வைக்க பிரேக்கைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடி தளர்ந்துவிடும். லாரிகளின் பின்னால் போகும்போது வருமே, லைனிங் தீயும் வாடை, அது இதுதான். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மிச்சக் கணக்கும் தப்பு. கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி இறங்கினால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் இறங்கினால்தான் அது ஓடுவதற்கென்று கொஞ்சம் குடிக்கும்.

எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வாருங்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புது அனுபவமாக இருக்கும். அந்த வண்டிகளில் இன்ஜின் பிடிப்பு மிகக் குறைவு.

கொண்டை ஊசி வளைவில் வேகமும் கியரும் வளைவுக்கு முன்பே குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை நெருக்காதீர்கள், கிளட்சைப் பிடித்து மிதக்கவிடாதீர்கள். இடப்பக்க வளைவில் உள்ஓரம்தான் செங்குத்து. அதில் ஒட்டிப் போகாமல் உங்கள் பாதையின் நடுவில் திரும்புங்கள். ஹாரன் அடியுங்கள், இது சண்டைக்கு இல்லை, தகவலுக்கு. பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். அதற்கு ரோட்டின் முழு அகலமும் தேவை. அது உள்பக்கம் விடும் சந்து உங்களுக்கான வழி இல்லை. குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், சாலை விதியும் அதையே சொல்கிறது.

ஏழாவது படி: எந்த ரோட்டில், எப்போது

முதல் மாதம் கோத்தகிரி – கோடநாடு. காலை எட்டு மணிக்கு மேல், வெயில் வந்து ரோடு காய்ந்த பிறகு. தனியாக, டபுள்ஸ் வேண்டாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி நிற்கும் தூரமும் சாயும் விதமும் மாறிவிடும். அடுத்து கட்டபெட்டு வழியாகக் குன்னூர். அதன்பிறகு மேட்டுப்பாளையம் இறக்கம். 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1500 மீட்டர் இறங்குகிறோம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும். அந்தி சாய்ந்து அங்கே இருக்கக் கூடாது. பதினான்கு கொண்டை ஊசியுள்ள குன்னூர் – மேட்டுப்பாளையம் ரோடு அதன் பிறகு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், முப்பத்தாறு வளைவுள்ள கல்லட்டி ரோட்டை இந்த வருடம் நினைக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மண் சரியும். அந்த நாட்களில் வண்டியை எடுக்காதீர்கள். மற்ற நாட்களில் கவனிக்க வேண்டியவை: சில்வர் ஓக் இலை ஈரத்தோடு கிடக்கும் நிழல் வளைவு, பாசி பிடித்த ஓரம், ஏறும் லாரி வளைவில் சிந்திவிட்டுப் போன டீசல், மார்கழி தை காலையில் உறைபனி. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போட்டு, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். காட்டுமாடு ஒன்றைப் பார்த்தால் பின்னால் இன்னும் இருக்கும் என்றே எண்ணித் தள்ளி நில்லுங்கள். ஹாரனும் வேண்டாம், இன்ஜினை உறுமவிடவும் வேண்டாம். அது போகும்.

முதல் சில வாரம் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். மணிக்கட்டும் கழுத்தும் சொல்வதற்கு முன்பே கவனம் தளரத் தொடங்கிவிடும். நான் வழியில் ஏதாவது ஒரு டீக்கடையில் நிறுத்தி, கையுறையைக் கழற்றி, சூடான டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொள்வேன். விரல் இளகியதும் கிளம்புவேன்.

வீட்டுக்கு வந்ததும் உடனே உள்ளே போகாதீர்கள். பிரேக் டிரம், டிஸ்க் பக்கத்தில் கை வைக்காமல், உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் இறக்கத்தில் பிரேக்கை அதிகம் நம்பியிருக்கிறீர்கள், அடுத்த முறை ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். செயின் சூடாக இருக்கும்போதே ஆயில் விடுங்கள், அப்போதுதான் உள்ளே இறங்கும். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே விடலாம். இன்ஜினை ஓடவிட்டுச் சுற்றாதீர்கள், விரல் மாட்டிக்கொள்ளும்.